வீடியோ விளையாட்டும் நாடக வழக்கும்

நம் கல்லூரி விடுதிகளில் வீடியோ விளையாட்டை அறியாதார் இக்காலத்தில் மிகச் சிலரே. அதனைப் பழிப்பார் ஒருபுறமும், அதிலே இரவைக் கழிப்பார் மறுபுறமுமாக நிற்பினும், இவ்விரு சாராரும் ஒருமுகமாகக் கூறும் குறை ஒன்று உண்டு. அவ்விளையாட்டுகளில் நிகழ்வன இயற்கைக்கும் அறிவுக்கும் ஒவ்வாதன என்பதே அக்குறை. பாழடைந்த கோட்டையின் சுவரை இடித்தால் உள்ளே சமைத்த இறைச்சி இருக்கிறது. வீரன் அதனை உண்டு நலம் பெறுகிறான். மரத்தின் அடியை வெட்டினால் நுனி அந்தரத்தில் நிற்கிறது. பிறர் மனையுள் நுழைந்து பானைகளை உடைத்துப் பொருளை எடுத்துக்கொண்டாலும் மனைக்குரியவர் முகமலர்ந்து ஊர்ச் செய்தி கூறுகின்றார். பழிப்பவர் இவற்றைக் காட்டி, ‘இது பேதைமை’ என்று தள்ளிவிடுகின்றனர். ஆடுபவரோ, ‘இன்னும் மெய்யாகச் செய்துவிட்டால் இக்குறை நீங்கும்’ என்கின்றனர். இவ்விரண்டு கூற்றுக்கும் நாம் உடன்படோம். உலகியலோடு பொருந்தாமை ஒரு விளையாட்டுக்குக் குற்றமன்று. தான் காட்டும் காட்சியோடும் தான் சொல்லும் கதையோடும் பொருந்தாமையே குற்றம். பொறி எளியதாயிருந்த காலத்தில் சிறிதாயிருந்த அக்குற்றம், பொறி செல்வமுற்ற இக்காலத்தில் பெரிதாகியுள்ளது என்பதே ஈண்டு நாம் கூற விழைவது.

பொருந்தாமை விளையாட்டோடு உடன்பிறந்தது. ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் சூழ்ந்து அசையவொட்டாமல் அடைத்துவிடுகின்றன. எந்தக் காட்டில் ஐயா இது நிகழ்ந்தது? பரமபதத்தில் பாம்பின் வாயிற் புகுந்தவன் மாண்டுபோகாமல் அதன் வாலருகே இறங்கி மீண்டும் காய் நகர்த்துகிறான். சதுரங்கத்துக் குதிரை கோணித்தான் பாயும். இவற்றைப் பொய்யென்று கூறி ஆட்டத்தை விட்டெழுந்தவர் எவரையும் நாம் கண்டதில்லை. தெருக்கூத்திலே கூத்தன் அரங்கை ஒருமுறை சுற்றிவந்தால் ஒரு காட்டைக் கடந்தவனாகிறான். கட்டியங்காரன் அரசனோடும் பேசுகிறான், அடுத்த கணத்தில் பாயில் அமர்ந்திருக்கும் நம்மோடும் பேசுகிறான். தொல்காப்பியனார் உலகியல் வழக்கு வேறு, நாடக வழக்கு வேறு என்று பகுத்து, அவ்விரண்டும் கலந்ததே புலவர் நெறி என்று வகுத்தது நம் தமிழ் வகுப்பிற் பயின்றார் யாவரும் அறிந்தது. ஆகவே நாடக வழக்கு என்னும் சொல் நம்மிடம் முன்னரே உண்டு. திரையில் ஓடும் புதிய பொம்மைகளுக்கு அதனை வழங்குவதில் தடையொன்றும் இல்லை.

இவ்வழக்குகளுட் பல எவ்வாறு பிறந்தன என்று ஆராய்வது இனிய பொழுதுபோக்கு. அவற்றிற் பெரும்பகுதி வறுமையிற் பிறந்தவை. ஆக்கியோரின் வறுமையன்று, பொறியின் வறுமை. 1978-ஆம் ஆண்டில் ஜப்பானிய டைட்டோ கம்பெனிக்காக டொமொஹிரோ நிஷிகாடோ என்பார் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் விளையாட்டை அமைத்தார். வானிலிருந்து அணியணியாக இறங்கும் பகைவரை ஆடுவோன் சுட்டு வீழ்த்த வேண்டும். அப்பகைவர் தொகை குறையக் குறைய எஞ்சியவர் விரைந்து வருகின்றனர். படையிற் பெரும்பாலார் மடிந்தபின் எஞ்சியோர் ஊக்கம் பெறுவது எந்தப் போர்முறை? உண்மை யாதெனின், அக்காலத்துக் கணிப்பொறிக்கு ஐம்பத்தைந்து உருவங்களையும் விரைந்து வரைய ஆற்றல் இல்லை. உருவங்கள் குறைந்தபோது அதன் சுமையும் குறைந்தது. சுமை குறைந்தபோது அது விரைந்தது. நிஷிகாடோ இதனைக் கண்டு திருத்த முற்படாமல், ஆட்டத்திற்குச் சுவை கூட்டுவதென்று அவ்வாறே விட்டுவிட்டார். இன்றளவும் ஆட்டத்தின் முடிவு நெருங்க நெருங்க இடர் மிகவேண்டும் என்பது விளையாட்டு அமைப்போரிடையே ஒரு விதிபோல் வழங்குகிறது.

‘மாரியோ’ என்னும் மீசைக்காரனை அறியாதார் யார்? 1981-ஆம் ஆண்டில் ஷிகெரு மியமோட்டோ அவனை வரைந்தபோது, அவனுக்குக் கிடைத்த புள்ளிகள் ஒரு கைக்குள் அடங்குவன போன்று மிகச் சில. வாயை வரைய இடமில்லாமையால் மீசை வந்தது. தலைமயிர் காற்றில் அசைவதை வரைய இயலாமையால் தொப்பி வந்தது. 1985-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முழுவதும் 40 கிலோபைட்டு அளவுள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்திற்கே அதனைப்போற் பன்மடங்கு இடம் வேண்டும். ஆகவே வானத்து மேகத்தின் வடிவமே பச்சை பூசப்பெற்றுத் தரையிற் புதராகவும் நின்றது. அம்மாரியோ தன் உயரத்தைப்போல் நான்கு மடங்கு தாவுகிறான். தாவிய பின்னர் நடுவானில் திசை திரும்புகிறான். பௌதிக ஆசிரியர் இதனைக் கண்டால் தலையிலடித்துக்கொள்வார். ஆயினும் அவ்வுலகில் ஒவ்வொரு முறையும் அவன் அவ்வாறே தாவுகிறான் என்பதையும், எந்தக் குழியை அவனால் தாண்டவியலும், எதனைத் தாண்டவியலாது என்பதை ஒரு நாழிகைக்குள் சிறு குழந்தையும் தெளிந்துவிடுகிறது என்பதையும் அவ்வாசிரியர் நோக்குவாராயின், அங்கேயும் ஒரு பௌதிகம் உண்டென்று ஒப்புக்கொள்வார்.

1999-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சைலண்ட் ஹில்’ என்னும் அச்ச விளையாட்டில் ஊரெங்கும் மூடுபனி. தொலைவிலுள்ள தெருக்களை வரையப் பொறிக்கு வலியில்லாமையால் வந்தது அப்பனி. அதுவே அவ்வூரின் அச்சமாயிற்று. வறுமையை அணியாக மாற்றுவதே கலை எனின், இதனினும் நல்ல சான்று வேறு எதற்கு?

இரண்டாவது வகையான வழக்குகள் இரக்கத்திற் பிறந்தவை. தாவல் விளையாட்டுகளிற் பாறையின் விளிம்பைக் கடந்து காலை வைத்துவிட்டவனும் இமைப்பொழுது விழாமல் நிற்கிறான். அந்த இமைப்பொழுதில் அவன் தாவிக்கொள்ளலாம். 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘செலஸ்டி’ என்னும் மலையேறும் விளையாட்டில் அச்சலுகை ஒரு நொடியிற் பத்தில் ஒரு கூறு. அமெரிக்கக் கேலிச்சித்திரப் படங்களில் 1949-ஆம் ஆண்டு முதல் மலைவிளிம்பைத் தாண்டி ஓடி, கீழே குனிந்து பார்க்கும்வரை விழாத கயோட்டி என்னும் ஓநாயின் பெயரால் இதனை அழைப்பர். ஆடுவோன் இச்சலுகையை அறிவதில்லை. தன் விரல் தப்பாது இயங்கிற்று என்றே மகிழ்கிறான். ஈர்ப்பு விசையை இங்ஙனம் ஏமாற்றுவது பொய்தான். ஆனால் அப்பொய் நீங்கினால் ஆட்டம் மெய்யாகாது, எரிச்சலாகும்.

முழு மெய்யையே விரும்புவார்க்கு ஒரு மருந்து உண்டு. அமெரிக்க இந்திரஜாலக்காரர்களான பென், டெல்லர் என்னும் இருவருக்காக 1995-ஆம் ஆண்டளவில் ‘டெசர்ட் பஸ்’ என்றொரு விளையாட்டு ஆக்கப்பட்டது. அரிசோனா மாகாணத்து டூசான் நகரிலிருந்து நெவாடா மாகாணத்து லாஸ் வேகாஸ் நகருக்குப் பாலைவனத்தினூடே பஸ் ஓட்டுவதே ஆட்டம். வேகம் மணிக்கு 45 மைல், அதற்குமேற் போகாது. பயணம் மெய்யாகவே எட்டு மணி நேரம். வழியில் எதிர்வரும் வண்டி இல்லை. பஸ் வலப்புறமாகச் சிறிது சாய்ந்துகொண்டே செல்வதால் கட்டையை அழுத்தி வைத்துவிட்டு உறங்கவும் இயலாது. பாதையை விட்டிறங்கினால் வண்டியைக் கட்டியிழுத்து டூசானுக்கே கொண்டுவருவர். அதற்கும் மெய்யான நேரம் கழியும். ஊர் சேர்ந்தார்க்குக் கிடைப்பது ஒரே ஒரு மதிப்பெண். விளையாட்டுகள் மெய்யாயிருக்க வேண்டும் என்று முழங்கியவரை எள்ளுதற்காகவே செய்யப்பட்ட இது அக்காலத்தில் விற்பனைக்கு வரவில்லை. 2007-ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் சிலர் இதனை நாட்கணக்கில் ஆடி, மருத்துவமனையிற் கிடக்கும் குழந்தைகளுக்காக நிதி திரட்டுகின்றனர். இவ்வாட்டத்தை ஆடுவது ஒரு தவம் என்பதை உணர்ந்தே உலகம் அவர்க்குப் பொருள் வழங்குகிறது போலும்!

இதுவரை கூறியவற்றால் நாம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வோம் என்று எண்ணற்க. ‘மைன்கிராஃப்ட்’ என்னும் சுவீடன் நாட்டு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் உலகம் ஒரு மீட்டர்க் கனக்கட்டிகளால் ஆயது. பொற்கட்டி ஒன்றின் எடை, பொன்னின் அடர்த்தியைக்கொண்டு கணக்கிட்டால் 19.3 டன் ஆகும். ஆடுவோனிடம் பொருள்வைக்கும் அறைகள் 36. அறையொன்றுக்கு 64 கட்டி. ஆகவே அவன் 44,000 டன்னுக்கு மேற்பட்ட பொன்னைச் சுமந்துகொண்டு ஆற்றை நீந்திக் கடக்கிறான். உலகத்தார் இதுகாறும் தோண்டியெடுத்த பொன்னில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அவன் மடியில்! இக்கணக்கை நாம் போட்டது குறைகூறற்கன்று. கணக்குப் போடுவதில் உள்ள இன்பத்திற்கே. அவ்வுலகில் யாரும் எடையைப்பற்றிப் பேசாமையால் எடை அங்கில்லை, அவ்வளவே. நம் நெஞ்சை உறுத்துவது வேறு. அவ்வுலகில் மணலின் அடியைத் தோண்டினால் மணல் விழுகிறது. மரத்தின் அடியை வெட்டினால் மரம் விழுவதில்லை. ஈர்ப்பு உண்டா, இல்லையா? மணலுக்கு ஒரு நீதி, மரத்துக்கு ஒரு நீதி என்னும்போது நாடக வழக்கு தளர்கிறது. இச்சிறு முறைகேட்டைக் கட்டங்கட்டமான அதன் பொம்மைத் தோற்றம் மன்னித்துவிடுகிறது என்பதையும் சேர்த்தே கூறவேண்டும்.

பிறர் பொருளைக் கவரும் வழக்கினைப்பற்றி மேலே கூறினோம். 1993-ஆம் ஆண்டில் வந்த ஒரு ‘ஸெல்டா’ விளையாட்டில் அதனை ஆக்கியோர் குறும்பொன்று செய்துள்ளனர். கடைக்காரன் அப்பால் திரும்பியிருக்கும்போது பொருளை எடுத்துக்கொண்டு வெளியேற இடமுண்டு. எடுத்தானாயின், அதுமுதல் ஊரார் அனைவரும் அவன் பெயரை விடுத்துத் ‘திருடன்’ என்றே விளிக்கின்றனர். மறுமுறை அக்கடையுள் அடிவைத்தால் கடைக்காரன் அவனைக் கொன்றுவிடுகிறான். பானையை உடைக்கும்போது வாளாவிருந்த உலகம் கடையில் விழித்துக்கொண்டது ஏனென்று கேட்கலாம். ஆயினும் ஆட்டம் ஒருகால் தன் வழக்கைத் தானே நினைத்துப் பார்த்தது என்ற அளவில் நமக்கு அதன்மேல் அன்பு உண்டு.

1997-ஆம் ஆண்டில் ஸ்குவேர் என்னும் ஜப்பானியக் கம்பெனி வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேன்டஸி’யின் ஏழாம் பாகம் இன்னும் அரிய சான்று. அதிற் போரிடையே வீழ்ந்த துணைவரைப் பீனிக்ஸ் பறவையின் இறகொன்று எழுப்பிவிடும். அவ்விறகைக் கடையில் வாங்கலாம். ஆனால் ஏரித் என்னும் நங்கை கதையின் நடுவே பகைவன் வாளால் மாள்கிறாள். அப்பொழுது எவரும் இறகைத் தேடவில்லை. ஆடினோர் பலர் அவளை மீட்கும் வழியுண்டோ என்று நெடுநாள் தேடி அலுத்தனர். போரில் வீழ்வது மயக்கம், வாளால் வீழ்ந்ததே சாவு என்று விளக்கம் கூறுவாரும் உளர். அவ்விளக்கம் பொருந்தும். என்றாலும் நூறு முறை எளிதில் எழுந்தவர்களைக் கண்ட கண்ணுக்கு நூற்றோராம் முறை மீட்சியில்லை என்னும்போது, துயரோடு ஓர் ஐயமும் கலந்தே வருகிறது. அவ்விளையாட்டின் உருவங்கள் மரப்பாவை போன்றவை. கைவிரல்கூடத் தெளிவாக இல்லாதவை. அதனால் கற்பனை அவ்விடைவெளியை நிரப்பிக்கொண்டது. அதே கதையை இக்காலப் பொறியிற் கண்ணீர்த்துளி வரையிற் புதுக்கியபோது, இடைவெளி குறுகியது, ஐயம் குறுகவில்லை.

இங்கேதான் நம் வாதத்தின் உயிர்நிலை உள்ளது. ஒவ்வொரு நாடக வழக்கும் ஆடுவோனுக்கும் ஆக்குவோனுக்கும் இடையே எழுதாமல் எழுதப்பட்ட ஓர் உடன்படிக்கை. பதினாறு புள்ளி உயரமுள்ள மாரியோவைக் காட்டுபவர், ‘இது பொம்மை உலகம், பொம்மை நீதியே இங்குச் செல்லும்’ என்று முன்னரே அறிவித்துவிடுகிறார். வியர்வையையும் மயிர்க்கால்களையும் தீட்டி, உண்மை ஊரின் பெயரையும் உண்மைப் போரின் ஆண்டையும் மேலே பொறித்துக் காட்டுபவர் வேறோர் உடன்படிக்கைக்கு நம்மை அழைக்கின்றார். அழைத்துவிட்டுப் பழைய பொம்மை நீதியையே நடத்துவாராயின் அது முறையன்று.

சான்றாக, 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கால் ஆஃப் டியூட்டி’யின் இரண்டாம் பாகம் இரண்டாம் உலகப்போரைக் களமாகக் கொண்டது. ஸ்டாலின்கிராடும் வட ஆப்பிரிக்கப் பாலையும் நார்மண்டிக் கரையும் அதில் உள. அதன் முதற்பாகத்தில், குண்டடிபட்ட வீரன் மருந்துப் பெட்டியைத் தேடியெடுக்க வேண்டும். இரண்டாம் பாகத்திலோ அதுவும் வேண்டா. திரை செந்நிறமாகும், சுவரின் பின்னே சில நொடி மறைந்திருந்தால் செம்மை அகலும், காயம் ஆறிற்று. ஆட்டத்தின் விறுவிறுப்பிற்கு இம்முறை மிக ஏற்றது என்பதை மறுக்கவில்லை. பின்வந்த போர் விளையாட்டுகள் பலவும் இதனையே பின்பற்றின. ஆனால் ஸ்டாலின்கிராடு மேகமும் புதரும் ஒன்றாயிருக்கும் ஊரன்று. அங்கே 1942-43-ஆம் ஆண்டுகளின் குளிரிற் காயமுற்றுக் கிடந்தவர் மனிதர். தொடையெலும்பு முறியக் குண்டுபட்டவன் எழுந்து நடக்க மாதங்கள் ஆகும். பலர் எழுவதே இல்லை. துப்பாக்கியின் திருகாணி வரையில் மெய்யைத் தேடிச் சென்ற கைத்திறன் அத்துப்பாக்கி செய்யும் வேலையின்முன் மட்டும் ஏன் நின்றுவிடுகிறது? இதனையே நாம் கேட்கிறோம். இத்தகைய ஆட்டத்தால் இளைஞர் கொலைஞராவர் என்று கூறுவாரோடு நாம் சேரவில்லை. அதற்குப் போதிய சான்று நாம் கண்டதில்லை. நம் முறையீடு எளியது. போரை அறியாத தலைமுறை ஒன்று போரின் பெயர்களையெல்லாம் இவ்விளையாட்டுகளிற் கற்று, அதன் காலக்கணக்கை மட்டும் கல்லாமற் போகிறது.

கதைக்கும் ஆட்டத்திற்கும் உள்ள இப்பிளவை விளையாட்டு அமைப்பாளருள் ஒருவரான கிளின்ட் ஹாக்கிங் 2007-ஆம் ஆண்டில் ‘பயோஷாக்’ என்னும் விளையாட்டைப்பற்றி எழுதியபோது எடுத்துக்காட்டினார். தன்னலத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை ஆட்டம் அளிக்கிறது. பிறனொருவனுக்கு உதவியே தீரவேண்டும் என்று கதை கட்டளையிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று பொய்ப்பிக்கின்றன என்பது அவர் துணிபு. அவர் அதற்கு இட்ட பெயர் ‘லூடோநேரடிவ் டிஸ்ஸோனன்ஸ்’. ஆட்டமும் கதையும் சுருதி பேதித்தல் என்று நாம் கூறலாம். ‘அன்சார்ட்டட்’ வரிசையிற் புதையல் தேடும் நேதன் டிரேக் என்பான் நகைச்சுவையும் நண்பரன்பும் உடைய நல்லவன். அவனே வழியெல்லாம் ஆட்களைச் சுட்டு வீழ்த்துகிறான். இரவில் தம்மனைவியோடு சிரித்துப் பேசுகிறான். 2016-ஆம் ஆண்டில் வந்த அதன் நான்காம் பாகத்தில் ஆயிரம் பகைவரைக் கொன்று முடித்தவனுக்கு ஒரு விருது கிடைக்கிறது. அவ்விருதுக்கு ஆக்கியோர் வைத்த பெயர் ஹாக்கிங் சொன்ன அச்சொற்றொடரே. குற்றம் சாட்டியவரின் சொல்லையே பதக்கமாக அணிந்துகொண்ட நாணமின்மையை வியப்பதா, நகைச்சுவையை மெச்சுவதா என்று நமக்கு விளங்கவில்லை.

மருந்துப் பெட்டியைப்பற்றி ஒன்று கூறவேண்டும். 1993-ஆம் ஆண்டின் ‘டூம்’ முதலாகப் பல விளையாட்டுகளில், வெள்ளைப் பெட்டியும் அதன்மேற் சிவப்புச் சிலுவையும் காயம் ஆற்றும் பொருளின் அடையாளமாயின. ஓடும் ஓட்டத்தில் அதன்மேற் கால் பட்டாலே போதும். அவ்வடையாளம் விளையாட்டுக்காரர் கண்ட அலங்காரமன்று. 1864-ஆம் ஆண்டின் ஜினீவா உடன்படிக்கை முதல், போர்க்களத்தில் ‘இவரைச் சுடாதே’ என்று கூறும் குறி அது. நம் நாட்டிலும் 1960-ஆம் ஆண்டின் சட்டம் அதனைக் கண்டவர் கண்டபடி இடுவதைத் தடுக்கிறது. 2017-ஆம் ஆண்டில், சிறைச்சாலை கட்டும் விளையாட்டொன்றில் மருத்துவ வண்டியின்மேல் இச்சிலுவையை வரைந்திருந்தோருக்குப் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்தார் கடிதம் விடுத்தனர்; அவர்கள் அதனைப் பச்சையாக மாற்றினர். சில புள்ளிகளுக்காக இவ்வளவு ஆரவாரமா என்று நகைத்தாரும் உளர். நாம் நகைக்கமாட்டோம். கொல்வோன் தன் கொலைத்தொழிலைத் தொடர்தற்கு மிதித்துச் செல்லும் பொருளாக ஒரு தலைமுறையின் கண்ணில் அக்குறி பதிந்துவிட்டதெனின், அதன் மதிப்புக் குறைவதற்கு அஞ்சுவது தகும். அதே ஆண்டிற் செக் நாட்டு பொஹீமியா இன்டராக்டிவ் என்னும் நிறுவனம் தன் ‘ஆர்மா’ விளையாட்டின் மூன்றாம் பாகத்திற்குப் போர்ச்சட்டங்களைப்பற்றிய ஓர் இணைப்பை வெளியிட்டது. அதில் ஆடுவோன் வீரனல்லன். போர் ஓய்ந்த ஊரிற் கண்ணிவெடி அகற்றுபவன். அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழுவினர் அதற்கு உறுதுணையாயிருந்தனர். வருவாயில் ஒரு பகுதியும் அவர்களுக்குச் சென்றது.

‘காயம் ஆற நாட்கணக்காகுமெனின் யார் ஆடுவர்?’ என்பது இதற்கு வரும் விடை. டெசர்ட் பஸ்ஸை மெச்சிய நாமே இவ்வினாவை ஏளனம் செய்ய இயலாது. ஆயினும் விடை முன்னரே பிறந்துள்ளது. போலந்து நாட்டில் 2014-ஆம் ஆண்டில் ‘திஸ் வார் ஆஃப் மைன்’ என்றொரு விளையாட்டு வெளிவந்தது. 1992-ஆம் ஆண்டு முதல் 1996-ஆம் ஆண்டு வரை முற்றுகையுண்ட சாரயேவோ நகரத்தாரின் பாடுகளை உட்கொண்டு அமைந்தது அது. அதில் ஆடுவோன் படைவீரனல்லன். இடிந்த வீட்டில் ஒடுங்கிய சில குடிமக்களைக் காப்பவன். கட்டுத்துணி இல்லையேல் காயம் முற்றும், உறக்கமின்றி ஆறாது. பசிக்கொடுமையால் ஒரு முதிய தம்பதியரின் உணவையும் மருந்தையும் கவர்ந்துவந்தால், பொருள் கிடைக்கும்; ஆனால் கவர்ந்தவன் மனமுடைந்து மூலையிற் குந்திவிடுகிறான், உடனிருப்போர் பேச்சும் மாறிவிடுகிறது. பானையை உடைத்துப் பொன் எடுத்த அப்பழைய வழக்கே ஈண்டு வேறு முகத்தோடு திரும்பி வந்திருக்கக் காண்கிறோம். அவ்விளையாட்டைப் பள்ளி மாணவர்க்குப் பரிந்துரைக்கும் நூல்களோடு சேர்ப்பதாக 2020-ஆம் ஆண்டிற் போலந்துப் பிரதமர் அறிவித்தார்.

அதுவும் உலகியலுக்கு முற்றும் பொருந்துவதன்று. வீட்டின் முன்சுவரே அதில் இல்லை. கொலுப் பொம்மை வீடுபோல எல்லா அறைகளும் ஒருங்கே தெரிகின்றன. இரண்டொரு பலகையும் இரும்பும் கிடைத்தால் நொடிப்பொழுதில் அடுப்பு முளைத்துவிடுகிறது. இரவு சில நிமிடங்களில் விடிந்துவிடுகிறது. இவற்றைக் காட்டி அவ்விளையாட்டைக் குறைகூறினாரை நாம் இதுகாறும் கேட்டிலேம்.